கல்லூரிக் கால்பந்து அட்டவணை: எதிரணி முதலில், தேதி கடைசியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 டிசம்பர் 6 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்தில் டியூக் அணி வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் 27-20 என்று வென்றது. கால்பந்து என்று இங்கே நான் எழுதுவது, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தைப் பற்றி. இறுதிக்கு வரும்போது டியூக் 12 ஆட்டங்களில் 5 தோற்றிருந்தது. கான்ஃபரன்ஸுக்குள் மட்டும் பார்த்தால் 6 வெற்றி, 2 தோல்வி. அதே கணக்கில் மயாமி, ஜார்ஜியா டெக், எஸ்.எம்.யூ., பிட்ஸ்பர்க் என இன்னும் நான்கு அணிகள் நின்றன. அவர்களுக்குள் யார் மேல் என்று நேரடியாகச் சொல்ல வழியில்லாமல், எதிரணிகளின் வெற்றி விகிதத்தை எடுத்துப் பார்த்து டியூக்கை இறுதிக்கு அனுப்பினார்கள்.

அப்போது எழுந்த கூச்சல் முழுவதும் டை-பிரேக்கர் விதியை, அதாவது சமநிலையில் நிற்பவர்களில் யார் மேல் என்று முடிவு செய்யும் விதியை, குறிவைத்தே இருந்தது. என் கருத்தில் குறை அதற்கு வெகு முன்பே, அட்டவணை போட்ட மேசையிலேயே தொடங்கிவிட்டது. ஏ.சி.சி.யின் 17 அணிகள் என்றால் 136 ஜோடிகள். அணிக்கு 8 ஆட்டம் என்றால் மொத்தம் 68 ஆட்டங்கள். அதாவது ஜோடிகளில் சரிபாதி அந்த ஆண்டு மோதவே மோதாது. ஐந்து அணிகள் சமநிலையில் நின்றால் அவற்றுக்கிடையே உள்ள 10 ஜோடிகளில் சராசரியாக 5 மட்டுமே ஆடியிருக்கும். பாதிப் பக்கம் கிழிந்த விடைத்தாளைத் திருத்தி முதல் மதிப்பெண் யாருக்கு என்று கேட்பது போன்றது இது. விதியை எப்படி மாற்றி எழுதினாலும் இல்லாத ஆட்டத்தின் முடிவு வந்துவிடாது.

அட்டவணை போடுவது மூன்று தனித்தனி வேலைகள்: யாருடன் ஆடுவது, எந்த மைதானத்தில் ஆடுவது, எந்த வாரம் ஆடுவது. இந்த வரிசை மாறக் கூடாது. நடைமுறையில் தொலைக்காட்சிக்குப் பிடித்த தேதிகளை முதலில் குறித்துவிட்டு, மிச்சமுள்ள கட்டங்களில் எதிரணிகளைத் திணிக்கும் ஆசை எப்போதும் எழுகிறது. அங்கேதான் எல்லாம் கோணலாகிறது.

முதலில் எதிரணிகள். பத்து அணிகள் இருந்தபோது இது ஒரு கேள்வியே இல்லை. 2011 முதல் 2022 வரை பிக் 12 கான்ஃபரன்ஸில் 10 அணிகள், ஆளுக்கு 9 ஆட்டம். எல்லாரும் எல்லாருடனும் ஆடினார்கள். அணிகள் பெருகியதும் இரண்டு பிரிவுகளாக வெட்டிப் பார்த்தார்கள். எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸில் 2012 முதல் 2023 வரை 14 அணிகள், பிரிவுக்கு 7. எட்டு ஆட்டங்களில் 6 சொந்தப் பிரிவுக்குள், ஒன்று எதிர்ப்பிரிவின் நிரந்தர எதிரணியுடன், மீதி ஒன்றே ஒன்றுதான் சுழற்சிக்கு. சுழலும் அணிகள் 6. ஆகவே ஒரு அணியை மறுபடி சந்திக்க 6 ஆண்டு. அதன் மைதானத்துக்கு ஒருமுறை போய்வர 12 ஆண்டு. டெக்சஸ் ஏ அண்ட் எம் சேர்ந்த 2012 முதல் அந்தப் பிரிவு முறை முடிந்த 2023 வரை ஜார்ஜியா அணி அதன் ஊரான காலேஜ் ஸ்டேஷனின் மைதானத்தில் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை. ஏ.சி.சி.யில் இன்னும் மோசம். 1953-இல் கான்ஃபரன்ஸ் தொடங்கியபோதே உடனிருந்த வேக் ஃபாரஸ்ட்டும் நார்த் கரோலினாவும் வெவ்வேறு பிரிவுகளில் விழுந்ததால், ஒருவரையொருவர் சந்திக்கவே 2019-இலும் 2021-இலும் கான்ஃபரன்ஸ் கணக்கில் சேராத தனி ஆட்டங்களை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒரே கூட்டமைப்பில் இருக்கும் இரண்டு அணிகள் வெளியாரைப் போல ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது என்றால், அந்த அமைப்பே பிழை.

2022-இல் தேசிய விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தியது. இறுதி ஆட்டம் நடத்தப் பிரிவுகள் தேவையில்லை என்றானது. அதன் பிறகு வந்த நல்ல அமைப்பு, 16 அணிகளுக்கு எஸ்.இ.சி. 2026 முதல் கொண்டுவரும் 3+6: ஒவ்வொரு அணிக்கும் ஆண்டுதோறும் மாறாத 3 எதிரணிகள், மீதி 12 பேரில் ஆண்டுக்கு 6 பேர். இரண்டே ஆண்டில் எல்லாரையும் சந்தித்துவிடலாம். நான்கு ஆண்டில் எல்லா மைதானத்துக்கும் போய்வந்துவிடலாம். நான்கு ஆண்டு படிக்கும் ஒரு மாணவர் கான்ஃபரன்ஸின் எல்லா அணிகளையும் தன் மைதானத்தில் பார்த்துவிடுவார். 16 அணி உள்ள எந்தக் கான்ஃபரன்ஸும் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் கணக்கு எவ்வளவு அழகாக ஒத்துழைக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிரந்தர ஜோடிகள் 24. சுழலும் ஜோடிகள் 96. அந்த 96-ஐ இரண்டு ஆண்டுகளுக்கு 48, 48 என்று பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு ஒவ்வொரு அணிக்கும் ஆண்டுக்குச் சரியாக 6 இருக்க வேண்டும். கையால் போட முயன்றால் பதினான்காவது, பதினைந்தாவது அணிக்கு வரும்போது கட்டம் இடிக்கும். உடனே முடியாது என்று கைவிட்டுவிடுவார்கள். ஆனால் இது எப்போதும் முடியும். 1891-இல் டென்மார்க் கணிதவியலாளர் யூலியஸ் பீட்டர்சன் நிறுவிய தேற்றம் இதற்கு உத்தரவாதம் தருகிறது: எல்லாப் புள்ளிகளிலும் ஒரே இரட்டைப்படை எண்ணிக்கையில் கோடுகள் சேரும் வலையை, ஒவ்வொரு புள்ளியையும் ஒருமுறை தொட்டுச் செல்லும் வளையத் தொகுப்புகளாகப் பிரித்துவிடலாம். அணிக்கு 12 சுழலும் எதிரணிகள் என்றால் 6 தொகுப்புகள். மூன்றை முதல் ஆண்டுக்கும் மூன்றை இரண்டாம் ஆண்டுக்கும் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

அதோடு மைதானக் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது. வளையத்தைச் சுற்றி ஒரே திசையில் அம்புக்குறி போடுங்கள்; அம்பு புறப்படும் அணி விருந்தினர், போய்ச் சேரும் அணி வீட்டுக்காரர். ஒவ்வொரு வளையத்திலும் ஒவ்வொரு அணிக்கும் ஒரு வீட்டு ஆட்டம், ஒரு வெளியூர் ஆட்டம். மூன்று தொகுப்புகளுக்கு மூன்றும் மூன்றும். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அம்புகளைத் திருப்பிவிட்டால் போதும். மீதமுள்ள 3 நிரந்தர ஆட்டங்களில் 8 அணிகளுக்கு இரண்டு வீட்டில், 8 அணிகளுக்கு ஒன்று வீட்டில்; மறு ஆண்டு மாறும். ஆக 5-4 அல்லது 4-5.

இந்த 5-4-ஐத்தான் ஒன்பது ஆட்ட முறையின் குறையாகச் சொல்வார்கள். குறைதான், ஆனால் கையாளக்கூடியது. அயோவா அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் அதற்கு 9 கான்ஃபரன்ஸ் ஆட்டம். வெளிக் கான்ஃபரன்ஸில் இருக்கும் அயோவா ஸ்டேட்டுடன் ஆண்டுதோறும் மோத வேண்டும். 2024-இல் அந்த ஆட்டம் அயோவா வீட்டில். அந்த ஆண்டு கான்ஃபரன்ஸ் வீட்டு ஆட்டங்கள் 4. 2025-இல் அந்த ஆட்டத்துக்கு எதிரணியின் ஊரான ஏம்ஸ் நகருக்குப் போக வேண்டும்; அந்த ஆண்டு கான்ஃபரன்ஸ் வீட்டு ஆட்டங்கள் 5. இரண்டு ஆண்டிலும் வீட்டில் தலா 7. பருவச் சீட்டு வாங்கியவருக்கு எந்த ஆண்டும் இழப்பில்லை. எஸ்.இ.சி.யிலும் இதற்கு வசதி இருக்கிறது: நான்கு அணிகள் ஏ.சி.சி. எதிரிகளுடன் பருவத்தின் கடைசி வாரம் ஆடுகின்றன. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜார்ஜியாவும் கென்டக்கியும் வெளியே போகும். ஃபுளோரிடாவும் சவுத் கரோலினாவும் வீட்டில் இருக்கும். ஆகவே எந்த 8 அணிகளுக்கு எந்த ஆண்டு 5 என்று சீட்டுக் குலுக்கக் கூடாது. வெளியே போகும் நிரந்தர எதிரி ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். டல்லாஸில் நடக்கும் டெக்சஸ், ஒக்லஹோமா ஆட்டம் போன்ற பொது மைதான மோதலை, 5 வீட்டு ஆட்டம் வரும் ஆண்டில் வீட்டுக் கணக்கிலும், 4 வரும் ஆண்டில் வெளியூர்க் கணக்கிலும் எழுதினால், அந்த அணிக்கு எல்லா ஆண்டும் 4 வீடு, 4 வெளியூர், 1 பொது என்று நின்றுவிடும்.

அணிகளின் எண்ணிக்கையும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் எந்தத் திறமையும் உதவாது. 17 அணிகள் ஆளுக்கு 9 ஆட்டம் ஆட வேண்டும் என்றால் 153-ஐ இரண்டால் வகுக்க வேண்டும்; வகுபடாது. குறைந்தது ஒரு அணியாவது 8 ஆட வேண்டும். ஏ.சி.சி. 2026 முதல் ஒன்பது ஆட்டத்துக்குப் போவதில் இருக்கும் சிக்கல் இதுதான். யார் அந்த எட்டு ஆட்டக்காரர் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சுழற்சியாக எழுதி அறிவித்துவிட வேண்டும். பருவத்துக்கு ஆறு மாதம் முன்னால் முடிவு செய்தால் அது சலுகையாகத்தான் தெரியும்.

18 அணிகள் கொண்ட பிக் டென் வேறு வழியில் போகிறது. 12 ஜோடிகள் மட்டும் நிரந்தரம். அயோவாவுக்கு மினசோட்டா, நெப்ராஸ்கா, விஸ்கான்சின் என மூன்று. பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுகூட இல்லை. மற்றவர்களை ஐந்து ஆண்டில் குறைந்தது இரண்டு முறை, அதிகபட்சம் மூன்று முறை சந்திக்க வேண்டும். நிரந்தர எதிரி இல்லாத அணிக்கு 45 ஆட்டங்களில் 11 பேருடன் மூன்று முறை, 6 பேருடன் இரண்டு முறை. அயோவாவுக்கோ நிரந்தர ஆட்டங்கள் 15 போக 30 மிச்சம். 14 பேருடன் இரண்டு முறை ஆடினாலே 28 போய்விடும். அதாவது அயோவாவின் அட்டவணையில் அசைக்க இரண்டே இடம், பென் ஸ்டேட்டில் பதினொன்று. பாரம்பரியப் போட்டி இல்லாத ஜோடிகளைக் கட்டாயமாக நிரந்தரமாக்காதது நியாயமே. ஆனால் அட்டவணை போடுபவர் அயோவாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். இறுக்கமான அணியைக் கடைசியில் வைத்தால் கட்டம் பூட்டிக்கொள்ளும்.

எதிரணிகளின் பலத்தைச் சமன்செய்வது பற்றி ஒரு சொல். போன ஆண்டுத் தரவரிசையைப் பார்த்துச் சமன்செய்யாதீர்கள். இந்தியானா அணி 2023-இல் 12-இல் 3 வென்றது. மறு ஆண்டு வழக்கமான பருவத்தில் 12-இல் 11. அட்டவணை முன்கூட்டியே போடப்படுவது. ஒரே ஆண்டில் இப்படிப் புரளும் பலத்தை எந்தச் சூத்திரமும் பிடிக்காது. பத்து ஆண்டுச் சராசரியை எடுத்து, ஒரே அணியின் இரண்டு சுழற்சித் தொகுப்புகளும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் போனால் குறி சொல்வதாகிவிடும்.

இனித் தேதி. நாட்காட்டியே முதல் கட்டுப்பாடு. அமெரிக்கத் தொழிலாளர் தின (செப்டம்பர் முதல் திங்கள்) வார இறுதி முதல் நன்றி தெரிவிக்கும் நாள் (நவம்பர் நான்காம் வியாழன்) வார இறுதி வரை சில ஆண்டுகளில் 14 சனிக்கிழமை, பல ஆண்டுகளில் 13. 2024, 2025 இரண்டிலும் 14 இருந்தன; 12 ஆட்டம் போக இரண்டு ஓய்வு வாரம் கிடைத்தது. 2026-இல் செப்டம்பர் 5 முதல் நவம்பர் 28 வரை 13 தான். ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம், மூன்று வெளி ஆட்டம் (கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள அணிகளுடன் ஆடுவது), ஒரு ஓய்வு: கட்டம் நிறைந்துவிட்டது, ஒரு வாரம்கூட உபரி இல்லை.

உபரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016 சாட்சி. மேத்யூ புயலால் அக்டோபர் 8 அன்று நடக்க வேண்டிய ஃபுளோரிடா, லூசியானாவின் எல்.எஸ்.யூ. ஆட்டம் நின்றுபோனது. இரண்டு அணிக்கும் பொதுவாகக் காலியான வாரம் இல்லை. கடைசியில் நவம்பர் 19-க்கு இரண்டு அணிகளும் ஒப்பந்தம் செய்திருந்த சிறிய அணிகளுக்குப் பணம் கொடுத்து அந்த ஆட்டங்களை ரத்து செய்து, ஃபுளோரிடாவின் வீட்டு ஆட்டத்தை லூசியானாவுக்கு மாற்றி நடத்தினார்கள். பருவத்தின் கடைசிக்கு முந்தைய வாரத்தில் எஸ்.இ.சி. அணிகள் சிறிய அணிகளுடன் ஆடுவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. புயல் பருவம் உள்ள தென்கிழக்கு மாநிலங்களில் அந்த ஆட்டம்தான் காப்பீடு. அதை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் எல்லா அணிகளின் அந்த ஆட்டத்தையும் ஒரே வாரத்தில் வையுங்கள். எந்த ஜோடியின் ஆட்டம் கெட்டாலும் அந்த வாரம் பொதுவாகக் கிடைக்கும். ரத்துக்கான தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஓய்வு வாரம் கொடுப்பதில்தான் அதிகமாக மனக்கசப்பு வருகிறது. ஒரு அணி இரண்டு வாரம் தயாராகி வந்து, ஆறு நாளில் திரும்பி வந்த அணியைச் சந்தித்தால் அது நியாயமான ஆட்டம் அல்ல. இதற்கு எளிய வழி, ஓய்வை ஜோடியாகக் கொடுப்பது: ஓய்வு முடிந்து ஒன்றோடொன்று மோதவிருக்கும் இரண்டு அணிகளுக்கும் ஒரே வாரம் ஓய்வு. 16 அணிகளை 8 ஜோடியாக்கி, ஐந்தாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை வாரத்துக்கு ஒரு ஜோடியோ இரண்டு ஜோடியோ வைத்தால் யாருக்கும் ஆதாயமில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டங்களுக்கும் இதே விதி: இரு அணிகளும் முந்தைய சனிக்கிழமை ஆடியிருக்க வேண்டும், அல்லது இரண்டுமே ஓய்வில் இருந்திருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடும் பொறி ஒன்று இருக்கிறது. 16 அணிக் கான்ஃபரன்ஸில் ஒரு வாரம் 3 அணிகள் வெளி ஆட்டத்தில் இருந்தால் மீதி 13. பதிமூன்றை ஜோடியாக்க முடியாது. வெளி ஆட்டங்களை ஒவ்வொரு கல்லூரியும் பல ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாக ஒப்பந்தம் செய்துவிடுவதால் இந்த ஒற்றைப்படைச் சிக்கல் அக்டோபரில் திடீரென்று முளைக்கும். நாலாவது வாரத்துக்குப் பிறகு வரும் எந்த வெளி ஆட்டத் தேதிக்கும் கான்ஃபரன்ஸ் அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்று விதி வைக்காமல் இதற்குத் தீர்வில்லை.

எதிரணியும் மைதானமும் முடிவாகிவிட்ட பிறகு கணினிக்கு மிஞ்சுவது சிறிய கணக்குதான்: 72 ஆட்டம், 13 வாரம், ஆக 936 ஆம்-இல்லைக் கேள்விகள். ஏ.சி.சி.யின் 1997-98 கூடைப்பந்து அட்டவணையை ஆராய்ச்சியாளர்களான ஜார்ஜ் நெம்ஹவுசரும் மைக்கேல் டிரிக்கும் கணினியால் போட்டபோதும் வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் தீர்த்தார்கள். இன்றைய கணினிகளுக்கு இது பளுவே இல்லை. பளு எங்கிருந்து வருகிறது என்றால், ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டு இயக்குநரும் அனுப்பும் கோரிக்கைகளிலிருந்து. எல்லாவற்றையும் மீறவே கூடாத விதியாகப் போட்டால் கணினி தீர்வில்லை என்று சொல்லிவிடும். எந்தக் கோரிக்கை குறுக்கே நிற்கிறது என்பதும் தெரியாது. மீறக் கூடாதவை மிகச் சில: மைதானம் கிடைக்காத நாள் (பிட்ஸ்பர்க்கும் மயாமியும் தொழில்முறை அணிகளின் மைதானத்தில் ஆடுகின்றன), கடைசி வாரப் பாரம்பரியப் போட்டிகள், தொடர்ந்து மூன்று வெளியூர் ஆட்டம் கூடாது என்பது, ஓய்வு ஜோடி. மற்றவை மீறினால் அட்டவணைக்கு அபராதப் புள்ளி சேரும் விருப்பங்கள் மட்டுமே. கல்லூரிக்கு மூன்று கோரிக்கை, முன்னுரிமை வரிசையில், அவ்வளவே.

அமெரிக்க மேற்குக் கடற்கரை அணிகளுக்கு ஒரு தனி விதி அவசியம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர். கிழக்கு நேரம் பகல் 12 மணி ஆட்டம் அந்த வீரர்களின் உடலுக்குக் காலை 9 மணி. தொடர்ந்து இரண்டு வாரம், கடிகாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மாறும் ஊர்களுக்குப் பயணம் வைக்கக் கூடாது. அப்படிப் போய்வந்த மறுவாரம் வீட்டு ஆட்டமோ ஓய்வோ வர வேண்டும். இவர்கள் திங்கட்கிழமை வகுப்புக்குப் போக வேண்டிய மாணவர்கள்.

தொலைக்காட்சிக்கு உரிய இடம் இதற்குப் பிறகுதான். ஆட்ட நேரத்தை 12 நாள் முன்பு, சில வாரங்களில் 6 நாள் முன்புதான் அறிவிப்பது நெடுங்கால வழக்கம். 2024 முதல் எஸ்.இ.சி. பல ஆட்டங்களுக்குப் பகலா, பிற்பகலா, இரவா என்பதைக் கோடையிலேயே சொல்லிவிடுகிறது. எல்லாக் கான்ஃபரன்ஸும் அதைச் செய்யலாம். தொலைக்காட்சி நிறுவனம் நேரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். எந்த வாரம் என்பதையும் யார் எதிரணி என்பதையும் அது தொடக் கூடாது.

கடைசியாக, டை-பிரேக்கரையும் அட்டவணையையும் ஒரே குழு, ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டும். அட்டவணை தயாரானதும், இறுதிக்கு வாய்ப்புள்ள மூன்று, நான்கு, ஐந்து அணிகள் சமநிலையில் நிற்பதாக ஆயிரக்கணக்கான கற்பனைப் பருவங்களைக் கணினியில் ஓட்டி, எத்தனை முறை நேரடி மோதலும் பொது எதிரணிகளும் முடிவைத் தருகின்றன, எத்தனை முறை எதிரணிகளின் வெற்றி விகிதம் வரை இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். சமமான அபராதப் புள்ளி பெற்ற இரண்டு அட்டவணைகளில், நேரடி மோதலில் அதிகம் முடியும் அட்டவணையை எடுங்கள். அந்த எண்ணிக்கையையும், மீறக் கூடாத விதிகளின் பட்டியலையும் அட்டவணையோடு சேர்த்து வெளியிடுங்கள். டிசம்பரில் கேள்வி கேட்பவர்கள் ஆகஸ்டிலேயே அதைப் படித்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்